மனநல மருத்துவம் நம் பிள்ளைகளை நாடி வந்த வரலாறு

கல்வி வளர்ச்சியைப் பற்றி எழுதப் புகுவோர் பள்ளிகள் எத்தனை, பட்டம் பெற்றோர் எத்தனை பேர் என்று கணக்கிட்டுக் காட்டுவது வழக்கம். வெள்ளி விழா மலரில் அத்தகைய கணக்குகளுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் பள்ளியிற் சேர்ந்து, நன்றாகப் படித்து, இடையில் காரணம் தெரியாமல் சோர்ந்து, ஒருவரிடமும் சொல்லாமல் நின்றுபோன பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அத்தகைய பிள்ளையைப் பற்றிப் "படிப்பு ஏறவில்லை" என்று ஆசிரியர் ஒரு வரியில் முடித்துவிடுவார். "காத்துக் கருப்பு அண்டிவிட்டது" என்று பாட்டி மற்றொரு வரியில் முடித்துவிடுவார். பிள்ளையின் உள்ளத்திற்கும் நோய் வரும், அந்நோய்க்கும் மருத்துவம் உண்டு, அம்மருத்துவத்தைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் இல்லை என்னும் செய்தி நம் தெருக்களுக்கு வந்து சேர இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. இன்னும் முழுமையாக வந்து சேர்ந்ததாகவும் சொல்வதற்கில்லை. அது வந்த வழியை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

ஒரு மாணவனின் அச்சம்

இரட்டைமலை சீனிவாசன் அவர்களை இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த தலைவராக நாம் அறிவோம். 1939இல் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலில் தம் இளமைக் கல்வியைப் பற்றி எழுதியுள்ள பகுதி நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது. கோயம்புத்தூரில் அவர் பயின்ற கலாசாலையில் ஏறத்தாழ நானூறு மாணாக்கர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த காலம் அது. தம் ஊர், குடும்பம், சாதி ஆகியவற்றை எவரேனும் கேட்டறிந்துவிடுவரோ என்ற அச்சத்தால் அவர் பிற மாணாக்கருடன் நெருங்கிப் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் எவரும் தம்மை அணுகுமுன் விரைந்து வீடு சேர்வார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத கொடுமையை எண்ணி மனம் கலங்கியதையும் அவர் மறைக்கவில்லை.

இன்று ஒரு பள்ளியில் ஒரு மாணவன் நாள்தோறும் மணி அடித்த பின் வந்து, மணி அடித்தவுடன் ஓடினால், ஆசிரியர் அவனை ஒழுங்கீனன் என்பார். மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், பிறரைக் கண்டு அஞ்சும் நோய் என்று அவர் குறித்துக்கொள்ளவும் கூடும். இரண்டுமே முழு உண்மை ஆகா. அச்சம் சிறுவன் சீனிவாசனின் மனத்தில் இருந்தது. அச்சத்திற்குரிய காரணமோ வகுப்பறையில் இருந்தது. அவன் கண்டது இல்லாத பேய் அன்று. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. பிள்ளைகளின் மனநலப் பணி நம் மக்களுக்குப் பயன்படுமா, அல்லது அவர்கள்மேல் இன்னொரு முத்திரையைக் குத்துமா என்பது இதனை உணர்வதைப் பொறுத்தே அமையும்.

அம்பேத்கர் அவர்களும் 1901இல் தந்தையாரைக் காணப் புறப்பட்ட பயணத்தில் தம் உடன்பிறந்தாரோடு குடிநீர் கிடைக்காமல் இரவெல்லாம் தவித்ததைப் பின்னாளில் எழுதும்போது, அந்நிகழ்ச்சி தம் வாழ்வில் அழியாத வடுவாக நின்றதைக் குறித்துள்ளார். பெருந்தலைவர்கள் ஆனதால் அவர்களுடைய காயம் நமக்குத் தெரிய வந்தது. தலைவர் ஆகாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் காயம் அவர்களோடே போயிற்று.

பிள்ளை உள்ளத்தைப் பேணும் கல்வி என்பது நம் முன்னோர்க்குப் புதிதும் அன்று. 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியிலும், அதன் வழி எழுந்த ஏனைய பள்ளிகளிலும், பிள்ளைகளை அடித்துப் படிக்க வைக்காமல் விளையாட்டின் வழியே கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை மேற்கொள்ளப்பட்டது. சட்டமன்றத்தில் நம் குரலாக விளங்கிய எம். சி. ராஜா அவர்கள் தொழிலால் ஆசிரியர். 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய அதே கை, மழலையர்க்கான பாட்டுகளைத் தொகுத்து 1930இல் 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் நூலையும் வெளியிட்டது. அரசியலில் அத்துணை அலைச்சலுக்கிடையே கைவீசும் பாட்டுக்கும் அவர் நேரம் ஒதுக்கினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கீழ்ப்பாக்கத்து மதில்

மருத்துவத்தின் கதை வேறொரு வாயிலில் தொடங்குகிறது. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவரான வாலண்டைன் கொனொலி சென்னையில் மனநோயாளர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். கம்பெனியார்க்குத் தங்கள் ஆட்களைப் பற்றிய கவலையே முதற்கவலை. பின்னர் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அறுபது ஏக்கருக்கும் மேற்பட்ட தோட்டத்தில் அரசினர் மனநோய் விடுதி, நூற்றைம்பதுக்கும் குறைவான நோயாளிகளுடன் திறக்கப்பட்டது. அங்கும் வெள்ளையர்க்கு ஒரு பகுதி, நாட்டு மக்களுக்கு ஒரு பகுதி என்ற பிரிவினை இருந்தது. 1922இல் அதன் பெயர் அரசினர் மனநோய் மருத்துவமனை என்று மாறியது. ஆயினும் மக்கள் நாவில் அது 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி'யாகவே நிலைத்தது. நாளடைவில் ஊரின் பெயரே வசையாயிற்று. "உன்னைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்க்க வேண்டும்" என்று சொல்லிச் சிரிக்காத நகைச்சுவைக் காட்சி நம் திரைப்படங்களில் அரிது. அச்சிரிப்பு எத்தனை பெற்றோரை மருத்துவமனை வாயிலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கும் என்பதைக் கணக்கிட்டவர் இல்லை.

அம்மதிலுக்குள் செல்லும் வழி மருத்துவரிடமிருந்து தொடங்கவில்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1912ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டமும், தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீசார் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவும், அவர் ஆணையின்பேரில் விடுதியில் அடைக்கவும் வகை செய்தன. போலீசாரைக் கண்டால் கதவடைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் வாழ்ந்த நம் மக்கள், தம் பிள்ளையைத் தாமே அவ்வழியில் ஒப்படைப்பார்களா? மேலும் அச்சட்டம் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையையும், இடையில் மனநோய் கண்டவரையும் ஒரே சொல்லால் 'பித்தர்' என்று குறித்தது. இவ்விரண்டும் வேறு வேறு. முன்னது நோய் அன்று. வளர்ச்சியில் உள்ள குறைபாடு. தக்க பயிற்சியால் அப்பிள்ளை தன் வேலைகளைத் தானே செய்யக் கற்றுக்கொள்ளும். பின்னது மருத்துவத்தால் குணமாகக் கூடியது, அல்லது கட்டுக்குள் வைக்கக் கூடியது. நம் ஊர்களில் இன்றும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி, இரண்டுக்கும் ஒரே தாயத்தைக் கட்டுகிறோம்.

பிள்ளைகளுக்கென்று தனி இடம் வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தில் ஏறியதோ மிகவும் பிற்காலத்தில்தான். பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குத் தனி மருத்துவமனைகள் அமைக்கலாம் என்ற விதி 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இடம்பெற்றது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993இல்.

கோயிலும் தர்காவும்

இடைப்பட்ட காலத்தில் நம் மக்கள் சும்மா இருந்ததாக எண்ண வேண்டா. உடுக்கடித்தனர், வேப்பிலை அடித்தனர், மந்திரித்துக் கயிறு கட்டினர். திருச்சியை அடுத்த குணசீலம் பெருமாள் கோயிலுக்கும், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கும் சாதி மத வேறுபாடின்றி நோயாளிகளை அழைத்துச் சென்று நாட்கணக்கில் தங்கினர். இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது எளிது. பகுத்தறிவு பேசும் நண்பர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். வேறு எந்தக் கதவும் திறவாத காலத்தில், திறந்திருந்த கதவை ஒரு தாய் தட்டினாள். அங்கே அவளும் பிள்ளையின் அருகிலேயே தங்கலாம். கீழ்ப்பாக்கத்தில் அதற்கு இடமில்லை. இந்த ஒரு செய்தியை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது.

உணர்ந்த இடங்களுள் வேலூர் முதன்மையானது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் தொடங்கிய மனநலப் பணி, 1957இல் பாகாயத்தில் தனி மையமாக வளர்ந்தது. நோயாளியுடன் குடும்பத்தாரும் வந்து தங்க வேண்டும் என்பது அம்மையத்தின் முறை. தாய் அருகில் இருந்து சமைத்துப் போடுவாள்; நோய் இன்னதென்று அவளுக்கும் விளக்கப்படும்; மருந்து கொடுக்கும் முறையை அவளும் கற்றுக்கொள்வாள். வீடு திரும்பிய பின் நோய் மீளாதிருக்க இது பெரிதும் உதவியது. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் 'நம்பிக்கை நிலையம்' என்ற பெயரில் அங்கே ஒரு பிரிவு இயங்கி வருகிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மாரே அங்குப் பயிற்சி பெறுவோர். வட ஆர்க்காட்டு மாவட்டத்து ஏழைத் தாய் ஒருத்தி பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வராமல், ஆசிரியையாகத் திரும்பி வந்தாள் என்றால் அது சிறிய மாற்றம் அன்று.

குழந்தை வழிகாட்டு மருத்துவம்

மேலைநாட்டில் பிள்ளைகளின் மனநலப் பணி மருத்துவமனையில் பிறக்கவில்லை, நீதிமன்றத்தில் பிறந்தது. 1909இல் சிகாகோ நகரில், குற்றம் புரிந்ததாகக் கொண்டுவரப்படும் சிறுவர்களை ஆராய்ந்த வில்லியம் ஹீலி என்னும் மருத்துவர், அச்சிறுவரைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் அவர்தம் வீட்டையும் தெருவையும் அறிய வேண்டும் என்றார். மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்க்கும் முறை இவ்வாறு உருவாயிற்று. இந்தியாவில் அம்முறையிலான முதல் குழந்தை வழிகாட்டு மருத்துவ நிலையம் 1937இல் பம்பாயில், டாட்டா சமூகப் பணிப் பள்ளியின் சார்பில் தொடங்கியது.

சென்னை மாகாணம் இதில் ஒரு வகையில் முந்திக்கொண்டது. மற்றொரு வகையில் பிந்தியது. சிறுவர்க்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதன்முதலாக இங்குதான் 1920இல் இயற்றப்பட்டது. ஆக, நீதிபதி முதலில் வந்தார். மருத்துவர் நெடுங்காலம் கழித்தே வந்தார். பசியால் திருடியவனும், வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்தவனும், மனநோயால் அலைந்தவனும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் எத்தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1953இல் கீழ்ப்பாக்கத்திலேயே, மருத்துவமனை மதிலுக்கு வெளியே, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகப் 'பால விகார்' தோன்றியது. 1961இல் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் அரசினர் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி அவரே. அப்போது உள்ளே இருந்தோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். பலரை வீட்டார் மறந்தே போயிருந்தனர். 1978 வரை நீடித்த அவர் காலத்தில் புறநோயாளர் பிரிவு விரிந்தது, தொழிற்பயிற்சி வந்தது, மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் தலைகாட்டின. காலையில் வந்து மருந்து பெற்று மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை ஏற்பட்டதே ஒரு புரட்சிதான். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை அதன்பிறகே ஒரு தாய் துணிந்து அழைத்துவர முடிந்தது. இன்று மனநல நிலையம் என்று பெயர் பெற்றுள்ள அம்மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று வழிகாட்டு மருத்துவப் பிரிவும் உண்டு.

மாவட்டத்திற்கு வந்த மருத்துவம்

1982இல் மைய அரசு தேசிய மனநலத் திட்டத்தை அறிவித்தது. சிறப்பு மருத்துவர்கள் பெருநகரங்களில் மட்டும் இருக்கையில், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையும் செவிலியரையும் பயிற்றுவித்தால் ஊரிலேயே மருத்துவம் செய்யலாம் என்பது அதன் அடிப்படை. கருநாடகத்துப் பெல்லாரி மாவட்டத்தில் இதனைச் செய்து காட்டினர். 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி. குணசீலத்துக் கோயில் இருக்கும் அதே மாவட்டம்.

ஆனால் திட்டம் மெல்ல நடந்தது. தீ விரைந்து வந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் எழுந்து ஓட வழியில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அதன்பின் இராமநாதபுரத்திற்கும் மதுரைக்கும் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. காலப்போக்கில் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. நம் நாட்டில் ஒரு நல்ல திட்டம் விரைந்து நடைபெற வேண்டுமானால் யாரேனும் மடிய வேண்டியிருக்கிறது. இதனை நான் கசப்போடு எழுதவில்லை. வரிசையாக ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் வேறு விதமாக எழுத முடியவில்லை.

தேர்வு என்னும் வாள்

இளையோரைப் பொறுத்தவரை இந்த உண்மை இன்னும் கூர்மையானது. ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் வேளையில் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் மாணவர் செய்தி நாளேடுகளில் வந்துகொண்டிருந்தது. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்களால் சென்னையில் தொடங்கப்பட்ட 'சிநேகா' அமைப்பினர், வாழ்வில் மனமுறிந்தோர் சொல்வதை எந்நேரமும் செவிமடுக்கும் தொண்டர்களை உருவாக்கியதோடு நில்லாமல், அரசிடம் ஒரு கோரிக்கையையும் வலியுறுத்தினர். ஒரு பாடத்தில் தவறியவன் ஓராண்டு காத்திராமல் உடனே மறுதேர்வு எழுத இடமளியுங்கள் என்பதே அது. 2000க்குப் பின்வந்த தொடக்க ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றது. அதன்பின் தேர்வுத் தோல்வியால் நேரும் சாவுகள் நம் மாநிலத்தில் கணிசமாகக் குறைந்தன.

இவ்வரலாற்றில் நான் மிக உயர்ந்ததாகக் கருதும் மருத்துவம் இதுவே. இதில் மாத்திரை இல்லை, ஊசி இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஒரு விதி மாறியது, பிள்ளைகள் பிழைத்தனர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு ஓர் ஆண்டு இழப்பு என்பது பெரும்பாலும் படிப்பே முடிந்துபோவதாகும். செங்கற்சூளைக்கோ கட்டட வேலைக்கோ அவன் போய்விட்டால் மீண்டும் புத்தகத்தைத் தொடுவது அரிது. மூன்று மாதத்தில் மீண்டும் எழுதலாம் என்றால் தாயும் பொறுத்திருப்பாள், அவனும் பொறுத்திருப்பான்.

2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பிலேயே கொன்ற கொடுமை நிகழ்ந்தது. மாநிலமே அதிர்ந்தது. அடுத்து, உளவியலாளர்கள் வண்டியில் ஏறிப் பள்ளி பள்ளியாகச் செல்லும் நடமாடும் ஆலோசனை மையங்கள் வந்தன. நல்ல எண்ணந்தான். ஆனால் ஒரே உளவியலாளர் பல மாவட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தால், ஒரு பிள்ளை அவரை இரண்டாம் முறை காண்பது எப்போது? உள்ளத்தைத் திறந்து பேசப் பிள்ளைக்கு முதல் நாள் போதாது. அன்று அது "ஒன்றுமில்லை சார்" என்றுதான் சொல்லும்.

2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளை மருத்துவக் குழு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வந்து பார்க்கிறது. வளர்ச்சியில் தாமதம் காணப்பட்டால் மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகிறது. இரண்டு வயதில் பேச்சு வராத பிள்ளையை "மாமனும் லேட்டாகத்தான் பேசினான்" என்று விட்டுவிடாமல் அங்கே காட்டினால் பெரும்பயன் உண்டு. 2014இல் பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான வளரிளம் பருவத்தினர்க்கும் தனித் திட்டம் வந்தது. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய ஆய்வு, பதின்மூன்று முதல் பதினேழு வயதுடையோருள் நூற்றுக்கு 7.3 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கு உள்ளாகியிருப்பதைக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் இது ஏறத்தாழ மூவர்.

சட்டத்தில் ஏறிய ஒரு சொல்

2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டத்தை நம் இளைஞர்கள், சிறப்பாகச் சட்டம் பயில்வோர், ஊன்றிப் படிக்க வேண்டும். மருத்துவம் பெறுவது உரிமை என்கிறது அது. அவ்வுரிமையில் பால், சமயம், சாதி, வகுப்பு முதலியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்றும் சொல்கிறது. 1858இலும் 1912இலும் இல்லாத 'சாதி' என்ற சொல் இங்கே இடம்பெற்றிருக்கிறது. ஒருவருடைய சமூக, பொருளாதார நிலையையோ, அவர் சார்ந்த குழுவையோ காரணமாகக் கொண்டு அவரை மனநோயாளி என்று முடிவு செய்யலாகாது என்பதும் விதி. சிறுவனை வயது வந்தோருடன் ஒரே கூடத்தில் வைத்தல் கூடாது. யாரையும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது. இவ்விதிகளைப் படிக்கும்போது ஏர்வாடியில் மடிந்தோர் நினைவுக்கு வருகின்றனர்.

இன்னொன்றும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது 1860 முதல் குற்றமாக இருந்தது. பிழைத்த பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் போலீஸ் வருமே என்று அஞ்சி, வயிற்று வலி என்று பொய் சொன்ன பெற்றோர் பலர். மருத்துவரும் வயிற்றையே பார்த்து அனுப்பினார். அத்தகையவரைக் கடும் மன உளைச்சலில் இருப்பவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அப்பழைய பிரிவே இல்லை. இச்செய்தி நம் தெருக்களில் இன்னும் பலருக்குத் தெரியாது.

அச்சட்டம் நிறைவேறிய அதே 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதாவை இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கல்லூரி வாயில் அவருக்குத் திறக்கவில்லை. அவரைப் பற்றி மேலும் எழுத என் பேனா கூசுகிறது. தொடர்ந்து ஆண்டுதோறும் இத்தகைய இழப்புகள் நேர்ந்த பின், 2021இல் அரசு 104 என்ற தொலைபேசிச் சேவையின் வாயிலாக நுழைவுத்தேர்வு எழுதிய ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவரைத் தானே அழைத்துப் பேசியது. மருத்துவம் பிள்ளையை நாடிச் சென்றது. 2022 அக்டோபரில் தேசிய அளவில் 14416 என்ற எண்ணில் தொலைபேசி மனநலச் சேவை தொடங்கிற்று. நம் மாநிலத்தில் அது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நாங்குநேரிக்குப் பின்

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நம் சமுதாயத்து மாணவன் ஒருவனை, உடன் பயின்ற பிற சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த அவன் தங்கையும் வெட்டுண்டாள். தன்னைத் துன்புறுத்தியதைப் பள்ளியில் அவன் முறையிட்டதே அவன் செய்த குற்றம். அதற்குமுன் பல நாட்கள் அவன் பள்ளிக்குப் போகவில்லை. அச்சத்தால் ஒதுங்கிய கோயம்புத்தூர் மாணவனும், அச்சத்தால் வீட்டிலேயே இருந்துவிட்ட நாங்குநேரி மாணவனும் ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே வகுப்பில் படித்தவர்களைப் போல் தோன்றவில்லையா?

அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுத்தல், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குதல் ஆகியவற்றோடு, மாணவர் குறைகளைக் கேட்கப் பள்ளி நல அலுவலர், ஒவ்வொரு ஒன்றியத்திற்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஆகிய பரிந்துரைகளும் அதில் உள்ளன. கயிற்றைப் பற்றி நாளேடுகள் பெரிதாக எழுதின. ஆலோசகரைப் பற்றி எழுதியோர் குறைவு. எனக்கோ இரண்டும் ஒரே மருந்தின் இரு பாகமாகத் தோன்றுகின்றன. வெட்டுண்ட பிள்ளைக்கு மட்டும் ஆலோசனை சொல்லி, வெட்டியவன் கையிலிருக்கும் கயிற்றை விட்டுவைத்தால், காயத்திற்குக் கட்டுப் போட்டு மீண்டும் அதே வீதியில் அனுப்பியதாகும். அதே போல், சாதி ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, இன்று உறங்காமல் தவிக்கும் பிள்ளைக்கு மருத்துவம் மறுப்பதும் தவறு. நம் தோழர்கள் சிலர் இரண்டாவது தவற்றைச் செய்கின்றனர். மனச்சோர்வு நோய், சிதைவு நோய், வலிப்பு ஆகியவை எல்லாச் சாதியிலும் வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அம்மருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கிறது.

விடுதிகள்

ஆதிதிராவிடர் நலத் துறையின்கீழ் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர் விடுதிகள் உள்ளன. 2025இல் அரசு விடுதிகளுக்குச் 'சமூக நீதி விடுதி' என்ற பொதுப் பெயர் அறிவிக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் பெரும் எண்ணிக்கையினர் பதினொரு, பன்னிரண்டு வயதில் தாயைப் பிரிந்து முதன்முதலாக வந்து தங்கும் இடம் அது. முதல் மாதத்தில் இரவில் அழும் பிள்ளை, படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டுக் காலையில் பாயை மறைக்கும் பிள்ளை, ஊருக்குப் போய்த் திரும்பாத பிள்ளை, திடீரென்று யாரிடமும் பேசாமற்போன பிள்ளை ஆகிய அனைவரையும் முதலில் காண்பவர் காப்பாளர். நல்ல காப்பாளர் பலர் தந்தையைப் போல் பார்த்துக்கொள்கின்றனர் என்பதும் உண்மை. ஆனால் காப்பாளர், சமையலர், காவலர் என்பதே பெரும்பாலான விடுதிகளின் பணியாளர் வரிசை. அரிசிக் கணக்கையும் வருகைப் பதிவேட்டையும் பார்த்து முடித்த பின் எஞ்சும் நேரத்தில்தான் காப்பாளர் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியும்.

மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவக் குழு வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. விடுதியிலிருந்து அம்மருத்துவமனை பெரும்பாலும் பேருந்தில் அரைமணிப் பயணம். எந்நாளில் வருகின்றனர் என்பது மருத்துவமனைப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். விடுதிப் பலகையில் எழுதப்பட்டிருப்பதை நான் கண்டதில்லை. விடுதியில் தங்கிப் படித்து வேலைக்குச் சென்றுள்ள உறுப்பினர்கள் தாம் படித்த விடுதிக்கு ஒரு ஞாயிறு சென்று, காப்பாளரின் இசைவோடு அந்நாளையும், 14416, 104, சிறார் உதவிக்கான 1098 ஆகிய எண்களையும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வரலாம். ஒரு டப்பா வண்ணமும் ஒரு தூரிகையும் போதும்.